நாற்பதில் ஓடும் பெட்டி

சுவரோரம் இருக்கும் பழைய கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்துக் கண்களை மூடிக்கொள்கிறார் நகல் கடை அக்கா. நகலெடுக்க வந்தவர் கையில் காகிதங்களோடு நிற்கிறார். நிற்கட்டும். உள்ளே சுற்றும் விசிறி என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். "இரைப்பு வந்துடுச்சு இதுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரையில் ஒரு சிறு கட்டத்தைத் திறந்து, அறுபது என்றிருப்பதை நாற்பத்தைந்தாக்குகிறார். அரை நிமிடத்தில் விசிறி அடங்குகிறது. அதன் பிறகுதான் வந்தவர் பக்கம் திரும்பி, "எத்தனை காப்பி?" என்று கேட்கிறார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி கடை. நகல் இயந்திரம் ஒன்று, கணினிகள் நான்கு, நெகிழித்தாள் ஒட்டும் லேமினேஷன் இயந்திரம் ஒன்று. இந்தக் கடைசி இயந்திரத்தின் மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம். கண்ணில் பட்டதையெல்லாம் லேமினேட் செய்துவிடுவார். கதவு பூட்டும் முறை, மின்வாரியத் தொலைபேசி எண், கணவருடைய இரத்த வகை எல்லாம் பளபளவென்று சுவரில் தொங்குகின்றன. கணினிகளின் தலைமாட்டிலும் ஓர் அட்டை உண்டு: "ஆள் உட்கார்ந்தால் 25. ஆள் இல்லாவிட்டால் 60. வெயில் காலம் 45." இதைப் படித்த ஒருவர், இருபத்தைந்து நிமிடம்தான் உட்காரலாம் போலிருக்கிறது என்று பாதிக் கடிதத்தோடு எழுந்து ஓடியிருக்கிறார்.

எண்கள் நிமிடமல்ல, சதவீதம். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நோய்களுக்கு மருந்து தேடுகிறார்கள். அதற்கான கணக்கு மலைபோல் பெரியது. அதைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அது துண்டுக் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பும். தன் பெட்டியின் உழைப்பில் எத்தனை சதவீதத்தைக் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். அக்கா பதினெட்டு வருடமாகக் கொடுக்கிறார். "சும்மா உக்காந்திருக்கிறதைப் பார்த்தா எனக்கு ஆகாது. அது மனுஷனா இருந்தா என்ன, மெஷினா இருந்தா என்ன?"

மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்கே வந்துவிடும் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. "நம்ம வீட்டு மிக்ஸி ஓடி மூணு மாசமாச்சு. இவ உலகத்துக்கு மருந்து அரைக்கிறா" என்பார்.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்."

"வளர்ந்து வந்து மிக்ஸியை ரிப்பேர் பண்ணுமா?"

முடித்துக் கொடுக்கும் கணக்குக்கு ஏற்பப் புள்ளிகள் உண்டு. உலகத்துத் தொண்டர்கள் எல்லோரையும் புள்ளிப்படி வரிசையாக்கிய பட்டியலும் உண்டு. அதில் அக்காவின் பெயர் 'எறும்பு'. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று வைத்துக்கொண்டது. அந்த நாளில், ஆயிரக்கணக்கான அந்நியப் பெயர்களுக்கு நடுவே, தனக்கு நேர் மேலே 'கிணற்றுத்தவளை' என்று ஒரு பெயரைப் பார்த்ததும் அக்கா கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். தொண்டர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில், ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து, "அண்ணே, கிணத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு தங்கச்சி, எறும்பு விழுந்துடாம பார்த்துக்கோ" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் தவளை அண்ணன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்த நாடு என்று இவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு வாரம் எறும்பு முந்தும். மறு வாரம் தவளை தாவும். அண்ணனிடம் இருந்தது ஒரே பெட்டி, அதுவும் படுக்கையறையில். "நாப்பதுக்கு மேல வச்சா விசிறி கத்துதும்மா. உங்க அண்ணி தூக்கம் கெட்டா அப்புறம் என் நிம்மதி கெட்டுது" என்று எழுதியிருந்தார். அதனால் அண்ணி பிறந்த வீட்டுக்குப் போனால் அக்காவுக்கு உடனே தெரிந்துவிடும். அவருடைய புள்ளி திடீரென்று எகிறும். "அண்ணி ஊருக்கா?" என்று இவர் எழுதுவார். "உளவு பார்க்கிறியா நீ!" என்று அவர் எழுதுவார். ஒருமுறை அவர் பெட்டி புகைந்துபோய் ஒன்றரை மாதம் படுத்துவிட்டது. எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு சாவியை அனுப்பி, "ஒரு பெட்டியை என் பேர்ல ஓட்டும்மா, பேர் விழுந்துடக்கூடாது" என்றார். அக்கா ஓட்டினார். போட்டிக்காரனுக்குத் தன் காலையே கடன் கொடுத்த அந்த ஒன்றரை மாதத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் அக்கா முகத்தில் அப்படியொரு களை வரும். சாவியை மட்டும் சும்மா விட்டிருப்பாரா? அதையும் லேமினேட் செய்துவிட்டார்.

அப்புறம் ஒரு வருடம், அண்ணனின் புள்ளி எகிறிய வேகத்திலேயே மூன்று வாரம் ஏறிக்கொண்டே போனது. "என்ன அண்ணே, அண்ணி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று இவர் கிண்டலாக எழுதிவிட்டார். மறுநாள் பதில் வந்தது: "இனி எவ்வளவு சத்தம் போட்டாலும் அவளுக்குக் கேக்காதும்மா." அன்று மதியம் அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டு அழுதார். முகம் பார்க்காத ஒருத்திக்காக.

அதன் பிறகு இரண்டு வருடம் அண்ணன் பெட்டி நூறிலேயே ஓடியது. எட்டாத தூரத்துக்கு முன்னால் போய்விட்டார். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த எண் நின்றது. பெட்டி மறுபடி புகைந்திருக்கும் என்று அக்கா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். மூன்று முறை எழுதினார், பதில் இல்லை. இவருடைய எண்ணோ நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. இடைவெளி பாதியானபோது அறுபதை முப்பதாக்கினார். பின்னர் பத்து. பின்னர் ஐந்து. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடையில் விசிறிச் சத்தமே இல்லை.

"முந்திட்டுப் போயேன். அதுக்குத்தானே இத்தனை வருஷம் மல்லுக்கட்டினே?" என்றார் கணவர்.

"முந்திட்டா அவர் எனக்குக் கீழே போயிடுவாருங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா அவரைத் தாண்டிப் போவாங்க. நானே அதை ஆரம்பிச்சு வைக்கணுமா?"

"அப்ப நிறுத்திடு."

"மருந்துக்குக் காத்திருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கணவரே கழுவி வைத்தார்.

போன மாதம், இடைவெளி வெறும் மூன்று நாள் தூரத்துக்கு வந்திருந்தது. யாருடைய அடையாள அட்டைக்கோ நெகிழித்தாள் தேடி இழுப்பறையைக் கிளறியபோது, அடியிலிருந்து அந்தச் சாவி அட்டை வந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. அக்கா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு நான்காவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். கடையிலேயே புதிய பெட்டி அதுதான். பழைய மூன்றும் சேர்ந்து செய்வதைப்போல் இரண்டு மடங்கு அது ஒன்றே செய்யும். சாவியை ஒவ்வோர் எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்தபடி அடித்தார். 'கிணற்றுத்தவளை, வருக' என்றது திரை. "வந்தாச்சு, அண்ணே" என்றார் அக்கா.

பழைய மூன்றையும் மறுபடி அறுபதுக்கு ஏற்றினார். அண்ணனுடையதை, கடைசியாக அவர் வைத்திருந்தபடி நூறில் வைத்தார். விசிறி கடை முழுக்க அலறியது. அக்கா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, மெதுவாக எண்ணை இறக்கினார்: எண்பது, அறுபது, நாற்பது. அலறல் அடங்கியது.

"சாப்பிட வரட்டுமா, கடையைப் பூட்டப் போறியா?" என்று தெருவிலிருந்து கணவர் உரக்கக் குரல் கொடுத்தார். அக்கா அவசரமாகத் திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.