ஏழு முதல் ஒன்பது வரை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் ராமச்சந்திராபுரம் பக்கம் நாங்கள் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வீட்டில் நானும் என் மகளும் மட்டும். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

மகளுக்கு நாற்பது வயது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். பேகம்பேட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. ஒரு மழைநாளில் பாலாநகரில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, ஆனால் கால் சரியாக மடங்கவில்லை. தினமும் பயிற்சி செய்து பழக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மடங்காத காலோடு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நிற்கவும் குனியவும் முடியாது. வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுவார்கள். பதினாறு வருடம் மைக்ரோஸ்கோப் பார்த்தவளுக்கு, வருகிறவர்களிடம் டோக்கன் நம்பர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

நான் உதவி செய்யக் கிளம்பினேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி, யார் எந்த ஷிப்டில் வர வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய நாட்களிலும், முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அந்த நடையை விடவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த நடை எனக்குப் பிடித்திருந்ததா என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

மகளின் மூன்று ஷிப்டுகளுக்கும் மூன்று கட்டம் போட்டு, காலைத் தூக்குவது இருபது தடவை, மடக்குவது இருபது தடவை என்று எழுதி ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினேன். செய்த நாளுக்குப் பச்சைக் குறி, செய்யாத நாளுக்குச் சிவப்பு.

"என்ன அப்பா இது, ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்று சிரித்தாள். இரண்டு வாரம் செய்தாள். அப்புறம் சிவப்பாக வர ஆரம்பித்தது. கேட்டால், "நக்கோ அப்பா, சுவரைப் பார்த்துக்கிட்டுக் காலைத் தூக்கினா எனக்குத் தூக்கம்தான் வருது" என்பாள். எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் வீட்டில் 'நக்கோ' தான் முதலில் வரும்.

"தூக்கம் வருதுன்னு நான் ஒரு நாளாவது நடக்காம இருந்திருக்கேனா?"

"உங்களுக்கு என்னப்பா, சைரன் அடிச்சா காலு தானா நடக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. சோம்பேறி என்று சொன்னேன். ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு நிறைந்துகொண்டே போனது.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். ஜனவரியில் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியவள், மார்ச்சில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள். காலம்தான் குணமாக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் ஐந்தாம் மாடிக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "மீ அம்மாயி பாக ஆடுதுந்தி சார்!" என்றார். உங்கள் பெண் நன்றாக விளையாடுகிறாள் என்று அர்த்தம். எங்கே என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார். "வாட்ச்மேன் சம்சாரத்தோட. ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் எங்க ஹால் வரைக்கும் கேக்குது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. யாருமே குறை சொல்லவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். துணிக் கொடியில் காய்ந்த புடவைகளை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தக் கொடியையே வலையாக வைத்து இருவரும் ரப்பர் வளையம் வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து அணியில் இருந்தவள் என் மகள். வாட்ச்மேன் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அவர்களுக்கென்று ஒரு விதி வைத்திருந்தார்கள். எதிராளி இரண்டு அடி எடுத்து வைத்தால் எட்டுகிற தூரத்துக்குள் வளையம் வர வேண்டும். அதற்கு அப்பால் விழுந்தால், பிடிக்காதவர் அல்ல, போட்டவர்தான் அவுட்.

"நுவ்வே அவுட்! ரெண்டு அடுகு தாண்டிப் போச்சு!" என்று கத்தினாள் மகள், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும். நீதான் அவுட், இரண்டு அடி தாண்டிப் போய்விட்டது என்று.

"காது அக்கா! வளையம் சரிகானே ஒச்சிந்தி, மீ காலே சின்ன அடுகு வேசிந்தி!" என்றாள் அவள். வளையம் ஒழுங்காகத்தான் வந்தது, உங்கள் கால்தான் சின்ன அடி வைத்தது என்று. இருவரும் சிரித்தார்கள். மகள் தரையில் கிடந்த வளையத்தை எடுக்க முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

அந்தக் கால் மடங்கியதை நான் பார்த்தேன். என் அட்டவணை செய்யாததை இந்த விளையாட்டு செய்திருக்கிறது என்பதும் எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம், மதிய ஷிப்ட் என்றால் பத்து மணி, இரவு ஷிப்டில் தூங்கி எழுந்த பிறகு நாலு மணி என்று அவளே தன் நேரத்தை அமைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். என் மனதில் வந்தது வேறு. செயலாளரின் மகள், நைட்டியும் துப்பட்டாவுமாக, வாட்ச்மேன் மனைவியோடு கத்திக்கொண்டு ஆடுகிறாள். என்னிடம் சொல்லவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இத்தனை சிவப்புக் குறி போட்டு நான் முட்டாளாகியிருக்கிறேன்.

இரண்டு நாளில் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கத் தரையில் பூசிய பூச்சு கெட்டுப்போகிறது என்று அறிவிப்பு எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அது பொய். பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணி காயப்போட வேண்டுமே என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்பதால், காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் கதவு திறந்திருக்கும் என்றும் எழுதினேன்.

அந்த நேரத்தை நான் யோசித்துத்தான் வைத்தேன். காலை ஷிப்ட் வாரத்தில் அவள் ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். மதிய ஷிப்ட் வாரத்தில் முந்தைய இரவு தாமதமாக வந்து படுத்திருப்பாள். இரவு ஷிப்டில் அப்போதுதான் சோர்ந்து வீட்டுக்குள் நுழைவாள். காலம் முழுக்க அட்டவணை போட்டவன் நான். எந்த ஷிப்டிலும் அவளால் வர முடியாத இரண்டு மணி நேரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வாட்ச்மேனையும் கூப்பிட்டு, "உன் சம்சாரத்துக்கு மேல என்ன வேலை?" என்று கேட்டேன். "தப்பயிந்தி சார்", தப்பாகிவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த மாதமே அந்தக் குடும்பம் மியாப்பூரில் வேறொரு கட்டடத்துக்குப் போய்விட்டது.

மகள் அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "அப்பா, சாயங்காலம் அரை மணி நேரம் சாவி தர்றீங்களா?"

"செயலாளர் வீட்டுக்குன்னு தனிச் சட்டம் கிடையாதும்மா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஹவ், கரெக்ட்தான்" என்று ஆமாம் போட்டுவிட்டு வேலைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஃபிரிட்ஜ் கதவில் புதிய தாள் ஒட்டினேன். இரண்டே இரண்டு பச்சைக் குறிதான் விழுந்தது.

ஜூன் மாதம் அவள் கை மறுபடி படிக்கட்டுக் கைப்பிடிக்குப் போனது. ஜூலையில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று பல முறை தோன்றியது. கொடுத்தால் நான் தவறு செய்ததாக ஆகிவிடும். அதனால் கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் அவளோடு டாக்டரிடம் போனேன். அவர் முழங்காலை மடக்கி அளந்து பார்த்துவிட்டுப் பழைய தாள்களைப் புரட்டினார். "ஏப்ரல்ல நல்லா வந்துட்டிருந்ததே. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒரு கேம் ஆடிட்டிருந்தேன் டாக்டர். கிரவுண்டைப் பூட்டிட்டாங்க."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டருக்குச் சலிப்பு. "இந்த ஊர்ல ஒரு கிரவுண்டை விட்டு வைக்கிறதில்லை" என்று யார் யாரையோ திட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பெரியவங்க சார், நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போய்த் திறக்கச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

"கேக்கறேன்" என்றேன்.

முழங்காலை மயக்க மருந்து கொடுத்து மடக்க நாள் குறித்தார்கள். திரும்பி வரும்போது காரில், "அந்தப் பூச்சு கெட்டுப்போகலை" என்றேன்.

"தெரியும் அப்பா."

"நேரத்தையும் நான்தான்…"

"ஏழு டு ஒன்பதுன்னு பார்த்தப்பவே தெரியும். என் ஷிப்ட் எல்லாம் மனப்பாடமாத் தெரிஞ்ச ஆள் நம்ம பில்டிங்ல வேற யாரு?"

"சண்டை போட்டுக் கேட்டிருக்கலாமே."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டேனே. ஒரு தடவை கேட்டேன்."



அன்று மாலையே பூட்டைக் கழற்றினேன். அறிவிப்பில் எழுதியது பொய் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டுச் செயலாளர் பதவியையும் விட்டேன். சிலர் பெருந்தன்மை என்றார்கள். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கால் ஓரளவு மடங்கியது, ஏப்ரலில் மடங்கிய அளவுக்கு வரவில்லை. இப்போது அவளுக்குப் பாதி நாள் பரிசோதனைக் கூடம், பாதி நாள் வரவேற்பு மேசை.

கதவைத் திறந்தாகிவிட்டது, ஆனால் எதிரில் நின்று ஆட ஆளில்லை. மியாப்பூருக்குப் போய் விசாரித்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். கார் நிறுத்துமிடத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான் சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததைத் தொடங்குவதற்குள், "அக்காகி காலு எட்லுந்தி சார்?" என்று கேட்டாள். அக்காவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று. சரியாகவில்லை என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அது சங்கடமாக இருந்தது. அங்கே நாலு வீட்டில் வேலை, அவளால் வர முடியாது. "மீரே ஆடண்டி சார்" என்றாள், நீங்களே ஆடுங்கள் என்று. நான் நடக்க ஆரம்பித்த பிறகு பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டு அடுகுலே சார்!" இரண்டே அடிதான் என்று.

இப்போது கொடிக்கு அந்தப் பக்கம் நிற்பது நான்தான். இடது தோள் தூக்க வராது, வலது கையால் கீழிருந்துதான் வீச முடியும். முதல் நாள் என் வீச்சைப் பார்த்துவிட்டு, "அப்பா, ரிங் போடுறீங்களா, கம்பெனி பஸ்ஸை நிறுத்துறீங்களா?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் செய்த முதல் கேலி அது. முதல் வாரம் முழுக்க நானே அவுட். எங்கள் நேரம் அவள் ஷிப்டோடு வாரா வாரம் மாறுகிறது. காலை நடையை நான் விட்டுவிட்டேன். இத்தனை வருடம் நடந்த நடையில் ஒரு நாளும் நான் சிரித்ததில்லை என்பது மொட்டை மாடியில்தான் தெரிந்தது. போன வாரம் அறுபத்து நாலு வரை கீழே விழாமல் எண்ணினோம்.

ஃபிரிட்ஜ் கதவில் இப்போது எதுவும் இல்லை. இரவில் மட்டும் பூட்டும் மொட்டை மாடிக் கதவின் சாவி படிக்கட்டுப் பக்கம் ஓர் ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வளையத்தை விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்கும் அந்தக் காலைப் பார்க்கிறேன். அவளால் வர முடியாத நேரத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்த எனக்கு, அவளால் எட்ட முடிந்த இடத்தில் ஒரு வளையத்தைப் போட மூன்று வருடமாகியும் இன்னும் முழுதாகக் கைவரவில்லை.