கடலைத்தோல் ஆஸ்பத்திரி

என் அத்தை லோயிஸின் வெள்ளைப் புடவைக்குப் பயப்படாதவர்கள் சித்தூரில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து முடித்தால் அது தானாகவே நிற்கும், லோயிஸ் உள்ளே போய் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று என் அப்பா ஏசுரத்தினம் தங்கையைக் கேலி செய்வார். புடவையில் ஒரு தூசி ஒட்டினாலும் அதை உதறிவிட்டுத்தான் அத்தை அடுத்த வார்த்தை பேசுவாள். அந்த வார்த்தையும் கஞ்சி போட்டதாகத்தான் இருக்கும். குழந்தைகளான நாங்கள் அவள் மடியில் ஏறி உட்கார ஆசைப்பட்டதே இல்லை.

வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாலசமுத்திரத்தில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன மருந்தகத்தில் அவளைப் போட்டார்கள். இரண்டு அறை, ஒரு பெஞ்சு, கூட்டிப் பெருக்க மணியம்மா என்று ஒருத்தி, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். புதன்கிழமைதோறும் டாக்டர் அசரியா சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். மற்ற நாட்களில் அத்தை ராஜ்யம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் கை கழுவிவிட்டு அந்த வாரத்துக் கோபங்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நாங்கள் கதை கேட்பது போலக் கேட்போம்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பனி தொடங்கியதும் அவள் கோபமெல்லாம் ஒரே ஆளின் மேல் திரும்பியது. பாலசமுத்திரத்தை ஒட்டிய ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், அப்பாவு. கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பம். அவருடைய மூத்த மகள் தாட்சாயணிக்கு ஏழு வயசு, மூச்சிழுப்பு. பனிக்காலம் வந்தால் விடியற்காலையில் அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவு ஓடைமணலில் ஓடி வருவார். உதடு நீலம் பூத்திருக்கும். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுக்கும். அத்தை ஊசி போட்டு, மார்பில் காதை வைத்து, மூச்சு இறங்கும்வரை அங்கேயே முட்டி போட்டிருப்பாள். பெண் பிழைத்ததும் எழுந்து அப்பாவுவைப் பிடிபிடியென்று பிடிப்பாள்.

"பொண்ணு நல்லா இருக்கறப்ப கூட்டிட்டு வான்னு எத்தனை தடவைப்பா சொல்றது?"

"நல்லா கீறப்ப எதுக்கு நர்சம்மா ஆஸ்பத்திரி? ஓடிக்கினு ஆடிக்கினுதான கீது. நோவு வந்தாதான வரணும்?"

"நோவு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே நெஞ்சு சுருங்க ஆரம்பிச்சுடும். வெளியில தெரியாது. அப்பவே மாத்திரை குடுத்தா இப்படி ஓடியாற வேணாம்."

அப்பாவு தலையை ஆட்டுவார். பிறகு கடலைக்காட்டுக்குப் போய்விடுவார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். மூச்சு தொண்டைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அடுத்த முறை தான் ஊசியை எடுப்பதற்குள் அந்தப் பெண் போய்விடுமோ என்று அத்தை பயந்தாள். பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

டாக்டர் அசரியா ஒரு யோசனை சொன்னார். எரிகிற தீக்குச்சியைக் கொஞ்ச தூரத்தில் பிடித்து, வாயைக் குவிக்காமல் ஊதி அணைக்கச் சொல்லிப் பார்க்கலாம்; நெஞ்சு சுருங்க ஆரம்பித்த குழந்தையால் அது முடியாது என்றார். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் சந்தைக்கு வருவார்கள் அல்லவா? பாலசமுத்திரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. புளியமரத்தடியில் மேஜை போட்டு, இழுப்புக் குழந்தைகளை எல்லாம் வாரம் ஒருமுறை ஊத வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். தீக்குச்சி சீக்கிரம் எரிந்து விரலைச் சுட்டது. அதனால் மணியம்மாவிடம் ஒரு அகல் வாங்கி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு மேஜையில் ஏற்றி வைத்தாள். அதில்தான் வந்தது வினை.

முதலில் அகப்பட்டது தாட்சாயணிதான். அம்மா செங்கம்மாவோடு சந்தைக்கு வந்திருந்தாள். "வா கண்ணு, இந்த வௌக்க ஊதி அணை பாக்கலாம்," என்றாள் அத்தை. பெண் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மா அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"மார்கழி மாசத்துல, வெள்ளிக்கிழமை அதுவுமா, பொம்பளப் புள்ளய வௌக்க ஊதி அணைக்கச் சொல்றீங்களே. எங்க வூடு இருண்டு போவணும்னா?" என்றாள். சத்தம் போடவில்லை. மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் மேஜைப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. நர்சம்மா குழந்தைகளை விட்டு வீட்டு விளக்கை அணைக்கப் பார்க்கிறாள், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ப்பதற்கு இதுதான் முதல் படி என்று பேச்சு ஊர் ஊராகப் போய்விட்டது.

"நான் என்ன கொள்ளிக்கட்டையா குடுத்தேன்?" என்று மருந்தகத்தில் மணியம்மாவிடம் பொரிந்தாள்.

"வௌக்க வாயால ஊத மாட்டோம்மா," என்றாள் மணியம்மா. "பூவால அமத்துவோம். இல்லன்னா எண்ண தீந்து தானா மலயேறட்டும்னு உட்டுடுவோம். என்னாண்ட அகல் கேட்டப்பவே நீங்க எதுக்குன்னு சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் அப்பா பூவென்று ஒரே ஊதாக ஊதி விளக்கை அணைப்பார். அத்தை பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். இத்தனை வருஷம் இந்த ஜனங்களோடு இருந்தும் தெரியவில்லையே என்று அந்த வாரம் எங்கள் வீட்டில் அவள் சாப்பிடவே இல்லை. விளக்குக்காக அவள் வருந்தியதைவிடத் தாட்சாயணிக்காக வருந்தியதுதான் அதிகம். இனி செங்கம்மா மகளை எந்த நிலையிலும் தன்னிடம் கொண்டுவர மாட்டாளோ என்ற பயம் அவளைத் தின்றது.

அத்தைக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரோடும் சேர்ந்து கேட்பதோடு சரி. ஆனாலும் ஒரு மத்தியானம் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனாள்.

செங்கம்மா வாசலில் வேர்க்கடலை வறுத்து முறத்தில் ஆறவைத்துக்கொண்டிருந்தாள். நர்சம்மாவைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் வந்தவர்களை வெறும் வாயோடு உட்கார வைக்க அவளால் முடியாது. கோபம் வேறு, அது வேறு. முறத்தை அத்தையின் பக்கம் தள்ளினாள். அத்தை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதினாள். சிவப்புத் தோல் எல்லாம் பறந்தது. புடவையில் ஒட்டியதை உடனே உதறினாள்.

தாட்சாயணி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாள், ஊதினாள். தோல் கொஞ்சம் அசைந்து அங்கேயே படிந்தது. மறுபடி ஊதினாள். தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. தோல் போகவில்லை.

"இன்னாடி, துன்ற அவசரமா? நல்லா ஊது," என்றாள் செங்கம்மா.

"ஊதறேம்மா. போவல."

செங்கம்மா மகளின் கையைத் தன் பக்கம் இழுத்து ஊதினாள். அத்தனையும் பறந்தது. இன்னொரு பிடியைத் தேய்த்து, இடுப்பளவு உயரம்கூட இல்லாத இளைய மகளை ஊதச் சொன்னாள். அதுவும் பறந்தது. மறுபடி தாட்சாயணியை ஊதச் சொன்னாள். தோல் உள்ளங்கையிலேயே இருந்தது. செங்கம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் இவதானம்மா குடும்பத்துக்கே ஊதிக் குடுத்தா," என்றாள், யாரைப் பார்த்தும் பேசாமல். "நல்லாதான கீறா. ஓடறா. சோறு துன்றா."

அத்தை பையைத் திறந்து ஸ்டெதாஸ்கோப் குழலை எடுத்துத் தாட்சாயணியின் முதுகில் வைத்துக் கேட்டாள். பிறகு அதைச் செங்கம்மாவின் காதில் மாட்டினாள். உள்ளே மெல்லிசாக, தூரத்தில் யாரோ சீட்டியடிப்பது போல ஒரு சத்தம். செங்கம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"இதத்தான் நான் பாக்கணும்னு இருந்தேன்," என்றாள் அத்தை. "அந்த வௌக்கு விஷயம் எனக்குத் தெரியாதும்மா. தப்புதான்."

"தெரியாமதான செஞ்சீங்க. உடுங்க. மாத்தர கீதா பையில?"

மாத்திரை இருந்தது. கொடுக்கும் முறையைச் சொன்னாள். வைக்கோல் போரின் பக்கத்திலிருந்து பெண்ணின் படுக்கையை மாற்றச் சொன்னாள். தலைக்கு ஊற்றினால் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம் என்றாள். இழுப்பு வருகிறதே, சளி உலரட்டும் என்று செங்கம்மா பாசத்தோடு கூடக்கொஞ்சம் புகையாகப் போட்டு வந்தாள், பாவம். அந்த வாரம் பனி கொட்டியது. ஒவ்வொரு விடியலிலும் அத்தை ஓடைப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவு ஓடி வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புளியமரத்தடி மேஜையில் அகல் இல்லை. ஒரு கூடை வறுத்த கடலை இருந்தது. கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது செங்கம்மா. சந்தைக்கு வந்த பெண்களை அவளே கூப்பிட்டாள். "உம்புள்ளைக்கு இழுப்பு கீதில்ல, இங்க வந்து ஊத சொல்லு. ஊதிட்டுத் துன்னுட்டுப் போவட்டும்." தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கில் சொன்னாள்; ஊதுவதற்கு அங்கேயும் ஊது என்றே பெயர் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி அத்தை வருஷக்கணக்காகக் கத்தியும் கேட்காதவர்கள், செங்கம்மா சொன்னதும் கேட்டார்கள். அதில் அத்தைக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

டாக்டர் அசரியா வந்து பார்த்துவிட்டு, தானும் ஒரு பிடி தேய்த்து ஊதிவிட்டு, இது தீக்குச்சியைவிட நன்றாக இருக்கிறதே என்று சிரித்தார். கையை நீட்டிவைத்து ஊதித் தோல் போகாவிட்டால் அன்றே மாத்திரை, புதன்கிழமை தன்னிடம் வர வேண்டும் என்று ஒரு முறை வைத்தார். சித்தூரிலும் செய்து பார்க்கிறேன் என்று கடலையும் வாங்கிப் போனார். சந்தையில் அதற்குக் கடலைத்தோல் ஆஸ்பத்திரி என்றே பெயர் விழுந்தது. நல்ல மூச்சு உள்ள பயல்கள் இன்னொரு பிடிக்காக ஊத வராதது போல நடிப்பார்கள். அத்தை ஊசியைக் காட்டியதும் மூச்சு வந்துவிடும். அந்தப் பனிக்காலம் முடியும்வரை தாட்சாயணிக்கு ஊசி தேவைப்படவே இல்லை.

பங்குனியில் வேறொரு கவலை வந்தது. அதுவரை இரண்டு கரையும் ஆந்திராவில்தான் இருந்தன; எல்லைத் தீர்ப்பின்படி ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யம். பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே இருக்கும். அப்பாவு முந்தின வாரமே வந்து கேட்டார்.

"நாங்க மெட்ராஸ் ஆயிடறோமே நர்சம்மா. தாலுக்காபீசு மாறுது, எல்லாமே மாறுதுன்றாங்க. இங்க வர உடுவாங்களா? மாத்தர குடுப்பீங்களா?"

"உன் பொண்ணுக்கு ஊதத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு," என்றாள் அத்தை.

அவரிடம் அப்படி அடித்துப் பேசிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து என் அப்பாவைத் துளைத்தெடுத்தாள். ஓடையில் போலீஸ் நிற்குமா, ஜனங்களை மடக்குவார்களா என்று கேட்டாள். யாரும் மடக்க மாட்டார்கள் என்று அப்பா சொன்னார். ஆனால் ஜனங்கள் பயந்துகொண்டு வராமல் இருந்தால் என்ன செய்வது என்றாள் அத்தை.

அந்த ஏப்ரல் முதல் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. சந்தை மெலிந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒருவரையும் காணோம். கடலைக்கூடையும் வரவில்லை. அத்தை வெறும் மேஜையின் முன்னால் வெயில் ஏறும்வரை நின்றாள். மணியம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பிறகுதான் ஓடைமணலில் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. தாட்சாயணி ஓடி வந்துகொண்டிருந்தாள். தோளில் தொங்கிக்கொண்டு வந்த பெண், தன் காலால், காய்ந்த மணலில் புழுதி பறக்க. தூரத்தில் எதிர்க்கரையில் அப்பாவுவும் செங்கம்மாவும் கூடையோடு நின்று, யாராவது தடுக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து அம்மாக்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி.

"நைனா அங்கியே நின்னுக்கினு கீது," என்றாள் தாட்சாயணி, மேஜையைப் பிடித்துக்கொண்டு. "எனக்குப் பயமில்ல. நான் வந்துட்டேன்."

மடியில் கட்டியிருந்த கடலையை எடுத்துத் தேய்த்தாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அத்தை அவள் எதிரில் முட்டி போட்டு, "ஊது," என்றாள். பெண் கையை நீட்டி ஒரே ஊதாக ஊதினாள். தோல் அத்தனையும் அத்தையின் முகத்திலும் புடவையிலும் வந்து அடித்தது. அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓடையில் இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது நாங்கள் கிட்டே போய்ப் பார்த்தோம். கழுத்திலிருந்து கொசுவம் வரை புடவையெங்கும் சிவப்பாகக் கடலைத்தோல். முந்தானையில் நசுங்கியது, தோளில் ஒட்டியது, எதையும் உதறாமல் அப்படியே வந்திருந்தாள்.

"என்ன லோயிஸ் இது? பொடவையெல்லாம்?" என்று அப்பா தட்டிவிடக் கையை நீட்டினார்.

"கைய எடுண்ணா," என்றாள் அத்தை. "இருக்கட்டும்." பிறகு அப்படியே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.