கதிரையைக் கண்டாலே பயம்

நோயாளிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பதும் ஒரு வேலைதான் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறுதல் சொல்லும் தொண்டனாகச் சேர்ந்தேன். கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். என்னைப்போல ஆறுதல் சொல்லப் போய் வாயடைத்துத் திரும்பியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

விசாரணை

பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள், நோயாளியைக் கதைக்க விடுங்கள். வகுப்பு நடத்தியவர் மீசாலைக் கந்தையரைக் கண்டதில்லை. கந்தையர் தோட்டக்காரர், ஹேர்னியா ஒப்பரேசன் செய்து படுத்திருந்தார். நான் வாய் திறக்குமுன்னரே எந்த ஊர், யாருடைய மகன், எங்கே கல்யாணம் செய்தது, பிள்ளைகள் கனடாவிலா லண்டனிலா என்று தொடங்கிவிட்டார். பதில் சொல்லியே களைத்துப் போனேன். கடைசியில் அவருக்குத் திருப்தி வந்தது.

"தம்பி, உம்மடை பெரியம்மாவின்ரை மருமகன் எங்களுக்குச் சொந்தம். இனி நீர் ஆறுதல் சொல்லலாம்."

கதிரை

அடுத்த கட்டிலில் குருநகர்ச் சவிரிமுத்தர், கடலுக்குப் போகிறவர். சீனி வருத்தத்தால் வலது கால் புண்ணாகி அழுகத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். சவிரிமுத்தர் சம்மதிக்கவில்லை. ஒற்றைக் காலோடு வள்ளத்தில் எப்படி நிற்பது என்று கேட்டார். நீங்களாவது கதைத்துப் பாருங்கள் என்று அவர் மனைவி றோசம்மா என்னிடம் கெஞ்சினார்.

நான் கதிரையை இழுத்ததும் அவர் முகம் மாறியது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வருத்தம் கடுமையானவர்களிடம்தான் எங்களை முதலில் அனுப்புவார்கள், வாட்டில் படுத்திருக்கும் எல்லோரும் அதைக் கவனித்து வைத்திருப்பார்கள்.

"நேற்று மூலைக் கட்டில்காரருக்குப் பக்கத்திலை நீங்கள்தான் இருந்தனீங்கள். விடிய அந்தாள் முடிஞ்சுது. கதிரையை அங்காலை எடுங்கோ, ஐயா."

போர்வை

கதிரை வேண்டாமென்றால் பாதராவது வரட்டும் என்று றோசம்மா தங்கள் பங்குத் தந்தையை அழைத்துவந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற பாதர். வெள்ளை அங்கி வாசலில் தெரிந்ததுதான் தாமதம், சவிரிமுத்தர் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டார். வெக்கையில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, இவர் உள்ளே கிடந்து குறட்டை வேறு விட்டார். பாதர் சிரித்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று றோசம்மா அழுதபோது போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"அப்பாவுக்கும் பூசினது, அண்ணைக்கும் பூசினது. ரெண்டு பேரும் வீட்டை வரேல்லை."

கந்தையரின் பங்கு

அடுத்த நாளும் பாதர் வந்தார், போர்வையும் ஏறியது. திரும்பிப் போகப் போன பாதரைக் கந்தையர் மறித்தார். அவர் நெற்றியில் நல்லூர்த் திருநீறு, கையில் அம்மன் கோயில் நூல், தலைமாட்டில் யாரோ கொடுத்த அந்தோனியார் படம். தனக்கும் செபித்துவிட வேண்டும் என்றார். எண்ணெய் பூச முடியாது, செபிக்கிறேன் என்று பாதர் அவர் தலையில் கை வைத்தார். போர்வையின் ஓரம் கொஞ்சம் விலகியதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை கந்தையருக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கட்டிலாக நின்று சொல்லிக்கொண்டு வந்தவர், சவிரிமுத்தரிடம் மட்டும், பாதர் தொட்டது நேற்று, நான் வீட்டுக்குப் போவது இன்று என்று அழுத்திச் சொன்னார். ஹேர்னியாக்காரரை அன்று எப்படியும் அனுப்பத்தான் இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், சவிரிமுத்தருக்கும் தெரியும். ஆனாலும் கந்தையர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவதை அவர் வாசல்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"பாதரை வரச்சொல்லு. டொக்டரிட்டையும் ஓமெண்டு சொல்லு."

சிபாரிசு

ஒப்பரேசன் முடிந்து நான் போனபோது அவரே கதிரையைக் காட்டினார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் அழுதார், எனக்கும் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் படித்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அழுது முடித்தபின் வள்ளத்தைப் பற்றிக் கதைத்தார். இன்ஜின் பக்கத்தில் இருந்தபடியே ஓட்டுவதற்கு ஒரு பலகை அடித்துத் தருவதாக மகன் சொல்லியிருக்கிறானாம்.

கந்தையரின் கட்டிலுக்கு நெல்லியடியிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். நான் கதிரையோடு எழுந்ததும் அவர் மிரண்டுபோனார். சவிரிமுத்தர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"பயப்பிடாதேங்கோ. உவர் எனக்குப் பக்கத்திலையும் இருந்தவர். கால்தான் போனது, நான் இஞ்சைதான் கிடக்கிறன்."

செபித்தது பாதர், கதைத்தது கந்தையர், காலைக் கொடுத்தது சவிரிமுத்தர்; கதிரை தூக்கியது மட்டும்தான் நான்.