தலை மொட்டு

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் உள்ள நர்சரியில் நான் சூப்பர்வைசரான முதல் வருடம். அதற்கு முன் பதினெட்டு வருடம் வயல் சாமந்தி.

முதலாளி அந்த வருடம் தொட்டிச் சாமந்தி கொண்டுவந்தார். ஊர்ச் சாமந்தியெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு, தையில்தான் இது கண் விழிக்கும். மழை பட்டால் மொட்டு அழுகும், காற்றுக்குத் தண்டு ஒடியும். ஷீட் போட்ட ஷெட்டுக்குள் இருநூறு தொட்டி. அத்தனையும் தைக் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மேடைக்கு. தவறினால் ஷெட்டில் மறுபடி கத்தரி நாற்று. எங்கள் ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை.

மார்கழியில் மொட்டு கட்டியது. நடுவில் இருக்கும் தலை மொட்டை விட்டுவிட்டு, பக்க மொட்டுகளைக் கிள்ள வேண்டும். ஒரு தண்டு, ஒரு பெரிய பூ. வயலில் நேர்மாறு: முதல் மொட்டைக் கிள்ளினால்தான் செடி படரும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் கண் ஷீட்டின் மேல். விரல் வயலுக்குப் போய்விட்டது.

ஒன்பதாவது தொட்டியை நான் கிள்ளியபோது, எதிர் வரிசையில் வேலை செய்த கன்னியம்மா கத்தினாள். “அக்கா, இன்னா பண்ணிக்கினு கீற? தலையையே கிள்ற!”

“உன் வேலையப் பாருடி. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா.”

தப்பு என்று அந்த நொடியே தெரிந்தது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் மானம் போகும். வரிசை முடியும் வரை கிள்ளினேன்.

சாயந்திரம் முதலாளி அந்த வரிசையில் நின்றார். “யாரும்மா இத்த கிள்னது?”

எங்களில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்று சொன்னால் நம்பிவிடுவார். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கன்னியம்மா, “எலி கடிச்சிருக்கும் சார்.”

“எலி நகத்தால கிள்ளுமா?”

“நான்தான் சார். ஒம்போது கை தவறி. மீதி இருபத்தேழு திமிரு” என்றேன்.

அவர், “பூக்கலன்னா கல்யாணக்காரங்களுக்கு நீயே சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்னியம்மாவும் நானும் தலை போன தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பக்க மொட்டை மட்டும் விட்டோம்; அது பிந்தித்தான் பூக்கும். மற்ற தொட்டிகள் விரிந்து நின்றபோதும் இவை இறுக்கிய முஷ்டியாகவே இருந்தன. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், பார்க்கவும் பயம். வண்டி வந்த அன்று முப்பத்தொன்று திறந்திருந்தன, சின்னதாக. ஐந்து திறக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். திட்டினார்கள், மற்றதை எடுத்துக்கொண்டார்கள். ஷெட் தப்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது “இன்னா பண்ற” என்று கேட்டால், பதிலை அப்புறம் சொல்லலாம். முதலில் கையை நிறுத்து.