புயல் பிறக்கும் இடம்

மனைவி இறந்த பிறகு, இலங்கையில் யட்டவத்த பக்கம் மிளகுத் தோட்டத்து வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். ஒரே மகள் சென்னையில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணி நலம் விசாரித்துவிட்டு உடனே வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு அவள் அழைத்தபோது புயல் மழை விடாமல் பெய்தது. அவளை இன்னும் கொஞ்சம் பேசவைக்கத்தான் கேட்டேன். அவள் புவியியல் படித்தவள்.

"இந்தப் புயல் எங்கம்மா உருவாகுது?"

"வங்காள விரிகுடாவுலப்பா. கடல் நல்லா சூடானா ஈரக்காத்து மேல எழும்பும். கீழ அழுத்தம் குறையவும் சுத்தியிருக்கிற காத்தெல்லாம் அங்க ஓடிவரும். பூமி சுழல்றதால அது நேரா வராம வளைஞ்சு சுத்தும்."

"அவ்வளவு பலம் எப்படி வருது?"

"மேல போன ஈரம் மழையா மாறும்போது சூட்டை விடும். அந்தச் சூடுதான் அதுக்குச் சாப்பாடு. தரைக்கு வந்தா கடல் கிடைக்காம ஓஞ்சிரும்."

அரை மணி நேரம் பேசினாள். அவள் அம்மா இருந்த காலத்தில்கூட என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. திடீரென்று லைன் அறுந்தது.

மண் சரிந்து பாதை அடைபட்டது. கரண்டும் சிக்னலும் இல்லை. மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புயல் சென்னைப் பக்கம் நகர்வதாக பேட்டரி ரேடியோவில் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் சேற்றில் நடந்து டவுனுக்குப் போய் அவளை அழைத்தேன்.

"அப்பா!" என்று அழுதாள். "இங்க வெறும் மழைதான். நீங்க ஏன் அங்க தனியா இருக்கணும்? எங்கிட்ட வந்துருங்க."

"பாதை திறக்கட்டும்மா" என்றேன்.

பாதை திறந்து இரண்டு மாதமாகிறது. அவள் அம்மா இருந்த இந்த வீட்டை விட்டு நான் இன்னும் போகவில்லை.