டார்வெக்கா, சோர்பினா?

மெர்சிக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. கடைக்காரர் தராசைத் தூக்கினால் முள்ளைப் பார்க்கமாட்டாள், தட்டின் அடியைத்தான் பார்ப்பாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கியூ.சி. லைனில் உட்கார்ந்தவள். ஷிப்டுக்கு ஆயிரம் போர்டைக் கையிலெடுத்து, இதில் என்ன கோளாறு என்று தேடுவதற்குத்தான் சம்பளம். கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சூப்பர்வைசர் அவளையே ஒரு மாதிரி பார்ப்பார். கம்பெனி மூடியதில் வேலை போயிற்றே தவிர, அந்தக் கண் போகவில்லை. கட்டிக்கொண்ட புருஷனைத் தவிர மீதி உலகத்தை அந்தக் கண்ணால்தான் அளந்தாள்.

புருஷன் அன்பு வடக்குப்பட்டில் மரம் அறுக்கிறவன். ஒரகடம் பக்கம் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. புதுக் கம்பெனி வந்தால் தைலத்தோப்பு போகும், ரோடு அகலமானால் புளியமரம் போகும், கரண்ட் கம்பியில் கிளை உரசினால் லைன் நின்றுபோகும் என்று உடனே ஆள் விடுவார்கள். வேலை போனதும் மெர்சி அவனுடைய காண்டிராக்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கேட் பாஸ், சேப்டி பேப்பர், ஆட்களின் ஹெல்மெட் எல்லாம் அவள் பொறுப்பு. மரம் மட்டும்தான் அவன் பொறுப்பு.

போன வருஷம் அன்புவின் கூட்டாளி அருள்பாண்டி மணிமங்கலத்தில் ஒரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது, செயின் ரம்ப மிஷினின் மூக்கு ஒரு கணுவில் பட்டு அப்படியே எகிறியது. எகிறினால் செயினைப் பிடித்து நிறுத்தவேண்டிய பிரேக் விழவில்லை. தோள்பட்டை பிளந்துவிட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் வலது கை இன்றைக்கும் மேலே எழும்பாது. இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்து, இடது கையால் சல்யூட் அடிக்கிறான். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மெர்சிக்குக் கண்ணை மூடினால் அதே தோளும் அதே தையலும்தான். நாலு விரற்கடை உள்ளே தள்ளி விழுந்திருந்தால் கழுத்து. அது அன்புவின் கழுத்தாகவும் இருந்திருக்கலாம். இருந்த பழைய மிஷினைத் தூக்கிப்போட்டுவிட்டு, பிரேக் சரியாக விழுகிற புது மிஷின் வாங்குவது என்று முடிவெடுத்தாள்.

அந்த வட்டாரத்தில் ரெண்டே பேச்சு. ஒரகடத்துக் கடைக்காரர் விமல்ராஜ் டார்வெக் விற்கிறார். வாலாஜாபாத்தில் ரஞ்சனி என்ற பெண் சோர்பின் ஏஜென்சி எடுத்திருக்கிறாள். டார்வெக்காரன் சோர்பினை எருமை என்பான், சோர்பின்காரன் டார்வெக்கைத் தகர டப்பா என்பான். ரெண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே தோப்புக்கு வரச்சொன்னாள் மெர்சி.

விமல்ராஜ் வண்டியில் அறுத்துக் காட்டுவதற்கென்று ஒரு கட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மெர்சி அதை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

“இன்னா தம்பி இது, முருங்கையா? இத நான் அரிவாமணைலயே நறுக்கிடுவேன். நம்ம கட்டைல அறு.”

அவள் கொண்டுவந்திருந்தது காய்ந்த புளியங்கட்டை. அதோடு விடவில்லை. செயினைத் தீட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று, ரெண்டு மிஷினுக்கும் தன் கண்முன்னாலேயே புதுச் செயின் மாட்டவைத்தாள். பெட்ரோலும் ஆயிலும் அவளே கலந்தாள். கையில் ஸ்டாப் வாட்ச். டார்வெக் நாற்பத்தோரு நொடியில் அறுத்தது, சோர்பினுக்கு ஐம்பத்து மூன்று ஆயிற்று. டார்வெக் ஒண்ணேகால் கிலோ லேசு. அதற்கு ஸ்பேர் ஒரகடத்திலேயே கிடைக்கும், சோர்பினுக்கு வாலாஜாபாத் ஓடவேண்டும்.

பிரேக்கை அவளே சோதித்தாள். எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, மூக்கைக் கட்டைமேல் விழவிடவேண்டும். விழுந்த அதிர்ச்சியில் முன்னால் கைக்கு மறைப்பாக இருக்கும் கார்டு தானாக மடிந்து செயினைப் பூட்டிக்கொண்டால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பத்துத் தடவை விழவிட்டாள். பத்துத் தடவையும் ரெண்டும் ‘டக்’கென்று பூட்டின.

ரஞ்சனி கடைசியாக ஒன்று சொன்னாள். “அக்கா, எங்க மிஷின்ல உதறல் ரொம்பக் கம்மி. கையில புடிச்சா தெரியும். அண்ணன வாங்கிப் பாக்கச் சொல்லுங்க.”

வாட்சில் தோற்றவள் வாட்சுக்கு அகப்படாத ஒன்றைப் பேசுகிறாளே என்று மெர்சிக்கு உடனே சந்தேகம் தட்டியது. இருந்தாலும் அன்புவிடம் கொடுத்தாள். அவன் ரெண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தான்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் கீது” என்றான்.

“பாத்தியா?” என்றாள் மெர்சி. டார்வெக் வீட்டுக்கு வந்தது.

வந்ததும் ஒரு காரியம் செய்தாள். பிரேக் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் சின்னத் தகட்டில் ரெண்டு திருகாணி. மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் அதைத் திறக்கிற வேலை இல்லை. அவற்றின் தலையும் தகடும் சேரும் இடத்தில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்தாள். சர்வீசுக்குக் கொடுக்கும்போது விமல்ராஜ் நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு கண்டதை மாட்டினால் பொட்டு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா?

ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்வந்ததும் மிஷினைக் கட்டைமேல் விழவிட்டுப் பார்ப்பாள். ரெண்டு ஞாயிறு ‘டக்’ கேட்டது. மூன்றாவது ஞாயிறு கேட்கவில்லை. ஐந்து தடவை விழவிட்டாள். கார்டு அசையவில்லை. அன்பு அப்போது அடுத்த தெருவில் இருந்தான். அவனிடம்கூடச் சொல்லாமல் மிஷினை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஒரகடத்துக்குப் பறந்தாள்.

“ஏம்பா, காட்டச்சொல்ல ஒண்ணு, குடுக்கச்சொல்ல ஒண்ணா? என் வூட்டுக்காரன் கழுத்து உனக்கு அவ்ளோ மலிவாப் போச்சா?” கடையிலிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விமல்ராஜ் தகட்டைத் திருப்பிக் காட்டினார். “அக்கா, உங்க பொட்டு அப்டியே கீது பாருங்க. நான் தொடவேயில்ல.” பிறகு திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்தார். உள்ளே ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

மெர்சி திருகாணியை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். பதினோரு வருஷத்துக் கண். அவள் வைத்தது ஒரு பொட்டு. இதில் ரெண்டு பூச்சு, உடைந்த பழையதன்மேல் புதியது. பூசியவனுக்குப் பூசத் தெரியவில்லை, தகடெல்லாம் வழிந்திருந்தது. பாட்டில் அவள் பீரோவில் இருக்கிறது. அந்த வீட்டில் பீரோவைத் திறக்கிறவர்கள் ரெண்டே பேர்.

மிஷினைத் திரும்ப ஸ்கூட்டியில் ஏற்றினாள். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு எங்கெங்கோ ஓடியது. ஸ்பிரிங்கை விற்றுக் குடித்தானா? பிரேக் அடிக்கடி விழுந்து வேலை கெடுகிறது என்று எவனாவது சொல்லிக் கொடுத்தானா? யாரை நம்பினாலும் ஒருவனை நம்பலாம் என்றிருந்தாளே, அவனுமா?

அன்பு வாசலில் நின்றிருந்தான். மிஷினைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

“ஸ்பிரிங் எங்கய்யா?”

“கழட்டிட்டேன்.”

“அருள்பாண்டியப் பாத்தப்பறமுமா கழட்டின? உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பிரேக்கப் போட்டுக்கினுதான் ஸ்டார்ட் பண்ணணும் மெர்சி. அப்பறம் எடது கை விரலால கார்டப் பின்னால இழுத்து வுடணும். என்னால இழுக்க முடியல. விரலு சொன்ன பேச்சு கேக்கல. ஸ்பிரிங் இல்லன்னா பிரேக்கே விழாது, இழுக்கவும் வேணாம்.”

“எவ்ளோ நாளா?”

“மிஷின் உதறல்ல, பனியில கொஞ்சம் மரத்துப்போவும், அவ்ளோதான். டீ கிளாசப் புடிச்சா சரியாப்பூடும். நீ பெருசாப் பண்ணாத. வேலைய நிறுத்திடுவியேன்னுதான் சொல்லல.”

மெர்சிக்கு இதிலும் நம்பிக்கை வரவில்லை. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

“கண்ண மூடு. குத்துவேன், எந்த விரலுன்னு சொல்லு.”

அவன் சிரித்துக்கொண்டே மூடினான். அவள் சுண்டுவிரலில் மெல்ல வைத்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மோதிரவிரலில் கொஞ்சம் அழுத்தினாள். நடுவிரலில் இன்னும் அழுத்தினாள். ஊக்கின் முனை உள்ளே இறங்கியது. ரத்தம் முத்தாகத் திரண்டு, விரலோடு வழிந்து, அவள் புடவையில் சொட்டியது.

“இன்னா மெர்சி, பயந்துட்டியா?” என்றான் அன்பு, கண்ணைத் திறக்காமலே. “குத்து, குத்து. ஒண்ணும் ஆவாது.”