முக்கால் மார்க்கு

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பீங்கான் கப் இருக்கிறது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே கடுகு அளவில் ஒரு கரும்புள்ளி. மண்ணில் இரும்புத் தூள் கலந்திருந்தால் சூளையில் வேகும்போது அப்படி வந்து நிற்கும். அது என் தங்கச்சியின் கப். வலது கையால் பிடித்தால் புள்ளி எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அதனால் அவள் இடது கையால் பிடிப்பாள். புள்ளி அவள் பக்கம் இருக்கும். குடித்து முடித்ததும் அவளே கழுவித் துடைத்து, ஒரு பழைய பேப்பரில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வெளியூர் போய்ப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். ஊருக்கு வந்தால் எடுப்பாள். போகும்போது சுற்றி வைப்பாள். அம்மாவோ நானோ அதைத் தொட்டதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். அப்பா இறந்த வருடம் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் மண் சுமந்தேன். பிறகு சூளை அடுக்கினேன். அப்புறம் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். வெந்து வந்த கப்பை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். டிங் என்று சத்தம் நீண்டு நின்றால் நல்லது. டொக் என்று செத்துப் போனால் உள்ளே கீறல். பிறகு ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்று கூடைகள். பஸ்ட், செகண்ட்ஸ், உடைசல். ஒரு கப்புக்கு மூச்சு விடும் நேரம்தான். மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். "சந்தேகமா இருக்குதா, செகண்ட்ஸ்ல போட்டுடு. பஸ்ட்டுல ஒரு சொத்தை போச்சின்னா கடைக்காரன் பெட்டியோட திருப்பி அனுப்புவான். செகண்ட்ஸ்ல ஒரு நல்லது போனா எவன் வந்து கேக்கப் போறான்?" எனக்கு அது சரியாகப் பட்டது. யோசிக்க வேண்டியதில்லை. கை பழகிக்கொண்டது.

தங்கச்சி என்னைவிட எட்டு வயது சின்னவள். ஏழாவது படிக்கும்போதே டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். ஒருமுறை சொன்னதோடு சரி, திரும்பத் திரும்பச் சொல்லும் ஆள் இல்லை. அம்மா அதை எங்கள் கம்பெனியில் மெருகு போடும் பொம்பளைகளிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து தங்கச்சி எனக்குச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம், "டாக்டரம்மா வராங்க, வழி விடுங்கடி" என்பார்கள். "எனக்கு முட்டி வலிக்குது, ஊசி போடாம மாத்திரையா குடும்மா" என்பாள் ஒருத்தி. தங்கச்சி சிரிக்காமல், "மொதல்ல நாக்க நீட்டுங்க" என்பாள்.

அவள் பிளஸ் டூ எழுதியது, நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு மார்க்கை மட்டும் பார்த்துச் சீட்டுக் கொடுத்த காலம். உயிரியல் மார்க்கில் பாதி, இயற்பியலிலும் வேதியியலிலும் கால் கால் எடுத்துக் கூட்டினால் இருநூறுக்கு ஒரு கணக்கு வரும். அதுதான் கட் ஆஃப். அவளுக்கு வந்தது 193.75. உயிரியலில் எட்டு மார்க்கு போயிருந்தது. கடைசிக் கேள்விக்குப் படம் வரைந்தாள், பாகம் குறிக்க நேரம் இல்லை என்று சொன்னாள். முந்தின வருடம் எங்கள் பிரிவுக்குச் சீட்டு முடிந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் முக்கால் மார்க்கு. அன்று சாயங்காலம் செகண்ட்ஸ் கூடையிலிருந்து இந்தக் கப்பை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

"இதுல என்னண்ணே குறை?"

"புள்ளி இருக்குது பாரு."

"டீ ஒழுவுமா?"

"ஒழுவாது."

"அப்புறம் என்ன?" என்று வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்தான் எங்களுக்கு எல்லாம் பார்த்துச் சொன்னார். ரேங்க் பட்டியல் வந்த அன்று அவரே பேப்பரில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். முதல் கவுன்சிலிங்கில் அவளுக்கு முன்பாகவே சீட்டு தீர்ந்தது. அடுத்து, காத்திருப்போர் பட்டியல். சீட்டு எடுத்தவர்களில் சிலர் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போவார்கள், சிலர் வேண்டாம் என்று விடுவார்கள். அந்த இடங்களுக்கு இன்னொரு நாள் சென்னையில் கூப்பிட்டு, வரிசைப்படி கொடுப்பார்கள். அங்கே நேரில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"கெடைக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு முன்னாடி ஒரு பத்து பேரு வழி விடணும்பா. விடுவாங்களா மாட்டாங்களான்னு அந்தப் பத்து பேரத்தான் கேக்கணும். என்னைக் கேட்டா?" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டே, "போன வருசம் விட்டாங்க. அதுக்கு முந்தின வருசம் விடல" என்றார்.

சென்னைக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. அந்த வாரமே இன்னொரு கடிதமும் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் அரசு நர்சிங் பள்ளியில் இடம். திங்கட்கிழமை காலை அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும், தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போகும் என்று எழுதியிருந்தது. சென்னைக் கடிதத்திலும் அதே திங்கட்கிழமைதான். அங்கும் அசல் மார்க் ஷீட்தான் கேட்டார்கள். மார்க் ஷீட் ஒன்றுதான் இருந்தது. ஆளும் ஒருத்தி.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டோடு இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். அன்று காலைதான் சூளை பிரித்திருந்தார்கள். மேசை நிறைய கப். எனக்குக் கை ஓயவில்லை. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மெருகுக்காரப் பொம்பளை ஒருத்தி, "என்னா டாக்டரம்மா, எந்த ஊரு ஆஸ்பத்திரி உனுக்கு?" என்று கேட்டாள். இவள் தூக்கைக் கீழே இறக்கி வைத்தாள். அந்த அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

"நீ சொல்லுண்ணே."

"அம்மா என்ன சொல்லுது?"

"அண்ணனக் கேளுன்னுது."

"நீ என்ன நெனக்கிற?"

"மெட்ராசு போயி நிக்கலாம்னு இருக்குது. கெடைக்காமயும் போவும். அப்ப ரெண்டும் போயிடும்."

நான் கப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். டிங். பஸ்ட். டிங். பஸ்ட். அடுத்ததில் சத்தம் நன்றாக இருந்தது, ஆனால் அடியில் ஏதோ நிழல் மாதிரி தெரிந்தது. கீறலா பூச்சா என்று தெரியவில்லை. செகண்ட்ஸில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

"நர்சிங் போயிடு பாப்பா. சந்தேகத்துல எதுக்கு?" என்றேன்.

அவள் இரண்டு கடிதத்தையும் ஒன்றாக மடித்தாள். பிறகு, "சரிண்ணே" என்றாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். இவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை. அன்று மூன்று கூடையும் நிறைந்தன.

திங்கட்கிழமை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறினோம். டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பள்ளியில் ஒரு அம்மா அவளுடைய மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மார்க்கா?" என்று நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி, "ஆமாங்க மேடம்" என்றாள். வாங்கி பைலில் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கயிற்றைக் கட்டும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் லீவுக்கு வந்தபோது ஹாஸ்டலில் அவளுடைய அறையில் தங்கியிருந்த கம்மாபுரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சேர வேண்டிய அன்று அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலாம். அவளுடைய அப்பா போன் போட்டுச் சொன்னாராம். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்களாம். சாதாரணமாகத்தான் சொன்னாள். சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். அந்தக் கடிதத்தில் கீழே போன் நம்பர் இருந்தது. நானும் பார்த்திருந்தேன். ஒரு நாள் தள்ளி வரலாமா என்று கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியிருந்தால் எழுதியதுதான் என்று நினைத்துவிட்டேன். எங்களை மாதிரி ஆட்கள் அப்படித்தான் நினைப்போம்.

அவள் அதைச் சொல்வதற்கு முன்பே எனக்கு இன்னொன்று தெரியும். அவளைச் சேர்த்துவிட்டு வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க சென்டருக்குப் போனேன். சென்டர்காரர் என்னைப் பார்த்ததும் ஜெராக்ஸ் மெஷினிடம் எழுந்து போனார். ஒரு காப்பிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்து, "பாத்தியாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். எங்கள் பிரிவுக்கு 193.50 வரைக்கும் போயிருந்தது. அந்தப் பத்து பேரும் வழி விட்டிருந்தார்கள்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றேன்.

"நான் ஏம்பா சொல்லப் போறேன்" என்றார். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

நேராகக் கம்பெனிக்குப் போய் மேசையில் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. கப்பை எடுத்தேன், தட்டினேன், போட்டேன். சந்தேகமாக இருந்ததைச் செகண்ட்ஸில்தான் போட்டேன். அதன்பிறகும் பல வருடம் அந்த மேசையில் இருந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை.

தங்கச்சி படிப்பை முடித்து ஸ்டாஃப் நர்ஸ் ஆனாள். கல்யாணம் ஆனது. இப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஒருமுறை அம்மாவுக்கு பிரஷர் பார்க்க அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, நீயே பாத்துடு தாயி" என்றாள். "டாக்டரு உள்ள இருக்காருங்க ஆயா. நான் நர்சு" என்றாள் தங்கச்சி. ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்வாளோ. குரலில் ஒன்றும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஓ.பி. சீட்டைப் பார்த்தேன்.

போன வருடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சாமானை எல்லாம் வெளியே எடுத்து வைத்தபோது தகரப் பெட்டி கை நழுவிச் சாய்ந்தது. கப் உடைந்துவிட்டதோ என்று பேப்பரைப் பிரித்தேன். கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டிப் பார்த்தேன். டிங் என்று சத்தம் நீண்டு நின்றது. மறுபடி சுற்றும்போதுதான் பேப்பரைப் பார்த்தேன். பழுப்பேறி மடிப்பெல்லாம் துணி மாதிரி ஆகியிருந்தது. மெடிக்கல் சீட்டு எந்தப் பிரிவுக்கு எவ்வளவில் முடிந்தது என்று போட்டிருந்த பக்கம். அவள் சேர்ந்த அதே வருடம். எங்கள் பிரிவுக்கு நேராக, 193.50க்குக் கீழே நீல மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. முதல் லீவுக்கு அவள் வந்தபோது அது அவளிடம் இருந்திருக்க வேண்டும். அந்தக் கம்மாபுரத்துப் பெண்ணைப் பற்றிச் சோறு பிசைந்துகொண்டே சொன்னபோதும் இருந்திருக்க வேண்டும். கப்பைச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

இந்தப் பொங்கலுக்கு வந்தாள். கப்பை எடுத்தவுடனே நின்றாள். நான் சுற்றியது வேறு மாதிரி இருந்திருக்கிறது.

"நீ பிரிச்சியாண்ணே?"

"பொட்டி சாஞ்சிடுச்சி. ஒடஞ்சிடுச்சோன்னு பாத்தேன்."

"படிச்சியா?"

"எனக்கு அப்பவே தெரியும்."

அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைச் சிம்மில் வைத்தாள்.

"ஒனக்குத் தெரியாதுன்னுதான் இத்தன வருசம் சுத்தி வெச்சேன்" என்றாள்.

"நானும் ஒனக்குத் தெரியாதுன்னுதான் இருந்தேன்."

"சரி வுடு. டீ வேணுமா?"

"குடு."

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் கிளம்பினாள். மறுநாள் டூட்டி. கப்பைக் கழுவித் துடைத்தாள். இந்த முறை சுற்றி வைக்கவில்லை. மற்ற டம்ளர்களோடு அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். பேப்பர் பழைய மடிப்பிலேயே மடிந்தது. அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேண்ணே" என்றாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. மறுநாள் காலையில் கைக்கு வந்ததை எடுத்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கப்தான். வாங்கினேன். இடது கைக்கு மாற்றிப் பிடித்துக் குடித்தேன்.